பதினோரு சாவிகள்

சென்னீர்குப்பம்
10 ஜூலை 2024, புதன்

அனுசுயா மேடத்துக்கு,

வணக்கம். இந்தக் கவரைப் பெட்டி மூடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வாராவாரம் புதன்கிழமை எலி மூளை பெங்களூருக்குப் போகும் தெர்மாகோல் பெட்டியில் ஒரு கடிதம் போனால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பதில் எழுதினால் காலிப் பெட்டி திரும்பி வரும்போது வையுங்கள்.

நீங்கள் போனில் கூப்பிட்டதாக நம் லேப் வினோத் தம்பி சொன்னார். எனக்குப் போன் சரிப்படாது என்று உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாலு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்ததில் இரண்டு காதும் போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். போனில் வாய் தெரியாது.

திங்கட்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது. கறுப்பு எலியையும் பழுப்பு எலியையும் நான் கூண்டு மாற்றிப் போட்டு இனம் கலந்துவிட்டது என்று சந்தேகம், ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கைடு அய்யாசாமி சார் கையெழுத்து. ஆனால் மெமோவோடு பின் செய்திருந்த புகார் உங்களுடையது. உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? கூண்டு அட்டைகளில் தினமும் பார்த்ததுதானே.

மேடம், நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால் பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து பதினோரு வருஷமாக ஆராய்ச்சி எலிகள் வளரும் இந்த அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். கறுப்புக்கு வெள்ளை அட்டை, பழுப்புக்கு மஞ்சள் அட்டை. கறுப்பு அறையில் வேலை முடித்து, கை கழுவி, கோட்டு மாற்றித்தான் பழுப்பு அறைக்குப் போவேன். மணி அடித்தால் பழுப்புக் குட்டிகளுக்கு வலிப்பு வரும், கறுப்புக்கு வராது, அதுதான் நம் ஆராய்ச்சிக்கே ஆதாரம் என்று நீங்கள் இங்கே சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதை மறந்துவிட்டு நான் கலப்பேனா? போன வருஷத்திலிருந்து கறுப்புக் குட்டிகளுக்கும் வலிப்பு வருகிறது என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் விஷயம் ஒன்றை நான் ஒன்றேகால் வருஷமாக யாரிடமும் வாய்திறக்காமல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. மனசு வெந்துபோய் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வேம்புலி


பெங்களூரு
13 ஜூலை 2024, சனி

வேம்புலி அண்ணாவுக்கு,

புகார் நான் எழுதியதுதான். அதை மறுக்கப்போவதில்லை.

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். மூளையில் நரம்புகள் கட்டுமீறித் துடிக்கும்போது அவற்றை அடக்குவதற்கு ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. அது வந்து உட்கார நரம்பின்மேல் இடங்கள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். பழுப்பு இனத்தில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறு மாதிரி. அதனால்தான் ஒரு மணிச் சத்தத்துக்கே அவை விழுந்து துடிக்கின்றன. கறுப்பு தாங்கிக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை அளந்து எழுதுவதுதான் என் நாலு வருஷ வேலை. நீங்கள் அனுப்பும் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஃபிலிமில் பதித்து, ஏற்பிகளை எண்ணுவதற்காகத்தான் ஆறு மாதம் இங்கே வந்து கிடக்கிறேன்.

தாங்கவேண்டிய கறுப்பே விழுந்தால் நான் எதை எதோடு ஒப்பிடுவது? கடைசிப் பன்னிரண்டு ஈற்றில் ஒன்பது ஈற்றுக் குட்டிகளுக்கு வலிப்பு. இனம் கலந்தால் மட்டுமே அப்படி நடக்கும் என்று யாரும் சொல்வார்கள். உங்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் கிடையாது.

அப்புறம், அந்த விஷயத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள். இங்கே பெட்டியை மூன்று பேர் திறக்கிறார்கள். அங்கே திறப்பது நீங்கள் மட்டும், அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு வலிப்பு உண்டு என்பது எங்கள் வீட்டாருக்கும், மாத்திரை தரும் டாக்டருக்கும், உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். தெரிந்தால் எவன் கட்டிப்பான் என்பது அம்மாவின் பயம். தெரிந்தால் லேபில் ஒரு கத்தியைக்கூடத் தொடவிடமாட்டார்கள் என்பது என் பயம்.

மெமோவுக்கு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

அனுசுயா


சென்னீர்குப்பம்
7 ஆகஸ்ட் 2024, புதன்

அனுசுயா மேடத்துக்கு,

மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டேன். இரண்டே வரி. “கலக்கவில்லை. கலந்ததாக நிரூபித்தால் நானே வேலையை விட்டுப் போகிறேன்.” வினோத் தம்பி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

யாரும் பிரிக்கக்கூடாது என்று இந்தக் கவரைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். அதனால் தைரியமாக ஒன்று எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். அன்றைக்கு, போன வருஷம் மார்ச் 28, எடை பார்க்கும் அறையில் நீங்கள் விழுந்தபோது கை கால் வெட்டியது. வாயில் நுரை. நான் கத்தினேனா என்று எனக்கே தெரியாது. எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் செய்வதைச் செய்தேன். ஆணியில் தொங்கிய பழைய பூட்டுகளின் சாவிக்கொத்தை எடுத்து உங்கள் கையில் திணித்தேன். பதினோரு இரும்புச் சாவி. உங்கள் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தீர்கள். “யாருக்கும் சொல்லாதீங்கண்ணா” என்று உங்கள் வாய் அசைந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நான் முழுசாகப் படித்தேன்.

அடுத்த வாரமே எல்லாக் கதவுக்கும் கார்டு பூட்டு போட்டுவிட்டார்கள். சாவிகளைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. நீங்கள் விழுந்த நாளிலிருந்தே பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். நீங்கள் எந்த அறையில் விழுந்தாலும் நான் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது இல்லையா? நீங்கள் பெங்களூர் போன பிறகும் கழற்றவில்லை. கழற்றினால் உங்களுக்கு அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

இப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் எலியைக் கலந்தவன் என்று எழுதினீர்கள்.

கூட்டிப் பெருக்க கன்னியம்மாள் என்று ஒரு அம்மா ஜூலையிலிருந்து வருகிறது. கரையான்சாவடி. வாய் ஓயாது. எனக்குக் காது கேட்காதது எனக்கு நல்லதுதான்.

வேம்புலி


பெங்களூரு
24 ஆகஸ்ட் 2024, சனி

வேம்புலி அண்ணாவுக்கு,

முதலில் இதை எழுதிவிடுகிறேன். நீங்கள் கலக்கவில்லை.

வலிப்பு வந்த கறுப்புகளின் மூளையில் ஏற்பிகளை எண்ணி முடித்துவிட்டேன். ஒவ்வொரு சீவலிலும் சுத்தமான கறுப்பு இனத்தின் கணக்குதான் இருக்கிறது. நம்பாமல் வால் நுனித் துண்டுகளைக் கொடுத்து மரபணுவும் பார்த்தேன். ஒரு துளி பழுப்பு இல்லை. ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் தோன்றியது. நான் செய்தது அநியாயம். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன். கைடுக்கு எழுதிவிட்டேன், மெமோவை ரத்து செய்துவிடுவார்.

ஆனால் அவர் இப்போது வேறு உற்சாகத்தில் இருக்கிறார். கறுப்புக்குரிய ஏற்பிகளை வைத்துக்கொண்டே வலிப்பு வருகிறதென்றால் நம் கூண்டில் ஒரு புது வகை உண்டாகியிருக்கிறது என்கிறார். செப்டம்பர் 30க்குள் கட்டுரை அனுப்பவேண்டுமாம். முதல் பெயர் என்னுடையது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ உறுத்துகிறது. இனம் மாறவில்லை, தீனி மாறவில்லை. பிறகு எது மாறியது? பதிவேட்டைப் புரட்டி, கறுப்புக்கு முதன்முதலில் வலிப்பு வந்த தேதியை எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த அறையில் ஏதாவது மாறியதா என்றும் யோசித்துப் பாருங்கள். உங்களைத் தவிர அந்த அறையைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

சாவி விஷயம். சிரிக்கவில்லை அண்ணா. பாத்ரூமில் போய் அழுதேன். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். இரும்பு ஒன்றும் செய்யாது. வலிப்பு தானாக வந்து தானாக நிற்கும். நிற்கிற நேரத்தில் கையில் சாவி இருந்தால் சாவி நிறுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம். இனி யாராவது விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அவ்வளவுதான்.

அனுசுயா


சென்னீர்குப்பம்
4 செப்டம்பர் 2024, புதன்

அனுசுயா மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்ட இடத்தை நாலு தடவை.

நீங்கள் கேட்ட தேதி 2023 மே 2. இருபத்தெட்டு நாள் குட்டிகள். அதாவது ஏப்ரல் நாலாம் தேதி பிறந்தவை.

வேறொரு விஷயம் இருக்கிறது. இப்போது எழுதமாட்டேன், தப்பாகிவிட்டால் உங்களைக் கலக்கியதாக ஆகும். ஆகஸ்ட் 27 அன்று பிறந்த நாலு கறுப்பு ஈற்றில் இரண்டைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறேன். மணிச் சோதனைக்கு எப்போதும்போல நாலு வாரம் ஆகவேண்டும். கட்டுரையை அதுவரை அனுப்பவேண்டாம் என்று சாரிடம் சொல்லுங்கள்.

வேம்புலி


பெங்களூரு
7 செப்டம்பர் 2024, சனி

வேம்புலி அண்ணா,

நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று சார் கேட்பாரே. நான் என்ன சொல்வது? என் உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. இந்தக் கட்டுரை போனால்தான் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் தூக்கம் போகிறது. எனக்குத் தூக்கம் போகக்கூடாது, வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

அனுசுயா


சென்னீர்குப்பம்
25 செப்டம்பர் 2024, புதன்

அனுசுயா மேடத்துக்கு,

உங்களைக் காத்திருக்கவைத்ததற்கு மன்னியுங்கள். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எது மாறியது என்று நீங்கள் கேட்டீர்கள். கொசு மருந்து, பல்பு, தவிடு வாங்கும் கடை என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். பைபாஸில் போகும் லாரிச் சத்தமோ என்றும் நினைத்தேன். அது இருபது வருஷமாகப் போகிறது. உங்கள் கேள்வி வந்த வாரம் ஒரு சாயங்காலம் நான் கறுப்பு அறைக்குள் போகிறேன், கன்னியம்மாள் வராண்டாவில் கூட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்ததும் என் எதிரில் வந்து நின்று, எனக்காக வாயை நன்றாகத் திறந்து சொன்னது.

“இன்னாண்ணா இது, நீ வர்றதுக்கு முன்னாடி உன் இடுப்பு வந்துகினு கீது. கூண்டாண்ட நீ குனியறப்பல்லாம் இரும்புல இரும்பு மோதி ஜலக்கு ஜலக்குங்குது. எனக்கே காது கூசுது. அந்த எலிங்கள பாரு, மூலையில போய் ஒண்டிக்கினு கீதுங்க.”

நான் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அது ஒரு கனம், அவ்வளவுதான். அதற்குச் சத்தம் உண்டு என்பதையே மறந்துபோயிருந்தேன் மேடம். அறையின் கதவில் ‘சத்தம் எழுப்பும் பொருள் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பதினோரு வருஷமாக, நேரம் பார்க்க மட்டும் வைத்திருக்கும் என் பட்டன் போனை வெளியே வைத்துவிட்டுப் போகிறேன்.

பதிவேட்டில் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சாவி மாட்டியது மார்ச் 28. ஏப்ரல் நாலில் பிறந்த குட்டிகள் முதல் நாளிலிருந்து என் சாவியைக் கேட்டு வளர்ந்தவை. மே 2இல் முதல் வலிப்பு. பழுப்பு எப்போதும் விழுவதுதான், அதனால் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் சோதனை செய்தேன். பக்கத்து அறைக்கு மாற்றிய இரண்டு ஈற்றுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் கன்னியம்மாள் வைத்தது. கையில் வளையல் இல்லாமல், காலில் மெட்டியைக் கழற்றி. மற்ற இரண்டு ஈற்றுக்கும் எப்போதும்போல நான். தெரிந்தே சாவியோடு போனேன். கண் திறக்காத குட்டிகள் முன்னால் குனியும்போது உடம்பு கூசியது. ஆனால் பாதியில் கழற்றினால் எதுவும் தெரியாமல் போய்விடும், நீங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நேற்று வினோத் தம்பியை மணி அடிக்கச் சொன்னேன். எது எந்தக் கூண்டு என்று அவருக்குச் சொல்லவில்லை.

கன்னியம்மாள் வளர்த்த பதினாலு குட்டியில் ஒன்றுகூட விழவில்லை. நான் வளர்த்த பதிமூன்றில் ஒன்பது விழுந்தன.

புது வகையும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் நாலு வருஷத்தில் ஒன்றரை வருஷத்தை என் இடுப்பில் கட்டிக்கொண்டு கெடுத்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெமோ ரத்தாகிவிட்டது, சார்கூட என் தோளில் தட்டிக் கொடுத்தார். சோதனைக்கு முன்னால் மூன்று நாள் அந்த நினைப்பும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் விழுந்து துடித்த ஒன்பதையும் நான்தான் கையில் எடுத்தேன்.

சாரிடம் இப்படிச் சொல்லுங்கள். விதியை மீறி வேம்புலி சாவி கட்டிக்கொண்டு போனான், முட்டாள்தனம் என்று. ஏன் கட்டினான் என்று எழுதவேண்டாம். யாராவது கேட்டால் பழைய பழக்கம் என்று சொல்லிவிடுவேன். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். உங்கள் பேச்சு என் வாயிலிருந்து வராது.

வேம்புலி


பெங்களூரு
28 செப்டம்பர் 2024, சனி

வேம்புலி அண்ணாவுக்கு,

வியாழக்கிழமை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். ஒரு மணி நேரம் கழித்துப் போய் எடுத்துவந்து நீவி வைத்தேன்.

நேற்று முழுக்க நூலகத்தில் இருந்தேன். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். அறுபது வருஷத்துக்கு முன்னால் வெளிவந்த பத்திரிகைகளிலேயே இருக்கிறது. வலிப்பே வராத கறுப்பு இனமானாலும், பிறந்த மூன்றாம் வாரத்தில் பெரும் சத்தத்தைக் கேட்டால், மறுபடி கேட்கும்போது விழுந்துவிடும். சாவிக்கொத்து எலிகளுக்குப் பொல்லாத சத்தம் என்றும் இருக்கிறது. நம் காதுக்கு எட்டாத உயரத்திலும் அது ஒலிக்குமாம், எலிகளுக்கு அது கேட்குமாம். ஆகவே இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. போனது போனதுதான்.

பழுப்பு பிறவியிலேயே அப்படி. நம் கறுப்புகளை அப்படி ஆக்கிவிட்டோம். எனக்குப் பதினாறு வயதில் முதல்முறை வந்தபோது அப்பா வீட்டார் அம்மாவைப் பார்த்து, உன் ரத்தத்தில் வந்த சீக்கு என்றார்கள். அன்றிலிருந்து அம்மா தலை நிமிர்ந்து யாரோடும் பேசியதில்லை. நான் பழுப்பா, கறுப்பா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். வெளியில் வேறு காரணம் சொல்வேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை. எலி வேறு, மனுஷி வேறு. எலியை வைத்து அம்மாவுக்கு விடுதலை வாங்கித் தரமுடியாது என்று இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

நேற்று மாலை சாரிடம் போனில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “விதியை மீறிப் பராமரிப்பாளர் உலோகம் அணிந்திருந்தார் என்று எழுதிக் கொடு, நடவடிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம்” என்றார். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் எனக்கு நல்லது செய்யத்தான் பார்க்கிறீர்கள்.

அண்ணா, உங்களுக்குக் காது கேட்காது. எனக்குக் கேட்கும். போன வருஷம் ஏப்ரலிலிருந்து இந்த வருஷம் மே வரை பதினாலு மாதம் அந்தச் சாவிச் சத்தத்தை நான் தினமும் கேட்டேன். வராண்டாவில் அது வரும்போது, வேம்புலி அண்ணா பக்கத்தில்தான் இருக்கிறார், விழுந்தால் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தைரியம். சத்தத்துக்கு வலிப்பு வரும் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள் நான். அந்தச் சத்தம் எலிகளுக்கும் கேட்குமே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. முட்டாள்தனம் உங்களுடையது என்று எந்த வாயால் எழுதுவேன்?

சாருக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கும் நான் அனுப்பிய கடிதத்திலிருந்து ஒரு பகுதியைத் தமிழில் எழுதி வைக்கிறேன், உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

“பராமரிப்பாளர் திரு. வேம்புலி இந்தச் சாவிகளை அணிந்தது எனக்காக. எனக்குப் பதினாறு வயது முதல் வலிப்பு நோய் இருக்கிறது. 28 மார்ச் 2023 அன்று ஆய்வகத்தில் எனக்கு வலிப்பு வந்தபோது அவர்தான் உதவினார். நோயை மறைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டது நான். அவருக்குச் செவித்திறன் இல்லை. சாவிச் சத்தத்தைக் கேட்டும் பதிவு செய்யாமல் விட்டவள் நான். பிழையைக் கண்டுபிடித்தவர் அவர்.”

அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் போனில் சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 14, திங்கட்கிழமை வருகிறேன்.

அனுசுயா


சென்னீர்குப்பம்
9 அக்டோபர் 2024, புதன்

அனுசுயா மேடத்துக்கு,

நீங்கள் புறப்படுவதற்கு முன் இந்தப் பெட்டி வந்துவிடும். இதில் மூளை இல்லை. கருவிகளைத் திருப்பி எடுத்துவர காலியாக அனுப்பச் சொன்னார்கள்.

சார் என்னைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டினார். குனிந்து படித்ததால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் தமிழ்த் தாள் சட்டைப் பையில் இருந்தது, அதனால் எங்கே படிக்கிறார் என்று ஊகித்துக்கொண்டேன். ‘கண்டுபிடித்தவர் அவர்’ என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், வேலை இருக்கிறது. நீங்கள் முன்னாலேயே சொல்லவில்லையே என்று சாருக்கு மனத்தாங்கல். ஆனால் “வரட்டும், வேலை கிடக்குது” என்று சொன்னார். அதை அவர் நிமிர்ந்து சொன்னார், நான் பார்த்தேன். உதவித்தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாவி கேட்டு வளர்ந்த கறுப்புகள் எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டார்கள். நூற்று நாற்பத்தாறு. விதிப்படி மயக்க வாயு விட்டு முடித்தோம். வினோத் தம்பி செய்கிறேன் என்றார். நான் விடவில்லை. வெள்ளை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போது உங்கள் கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. புது ஜோடிகள் அடுத்த மாதம் வருகின்றன.

இப்போது முக்கியமான விஷயம். சனிக்கிழமை உங்கள் அம்மா வந்திருந்தார்கள்.

அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கேட்டில் வந்து என் பெயரைச் சொல்லி நின்றிருக்கிறார்கள். சாமுண்டீஸ்வரி என்று வாட்ச்மேன் நோட்டில் எழுதியிருந்தது. நான் போனேன். திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் பேசினார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசியதால் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. கன்னியம்மாளைக் கூப்பிட்டேன். அது கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னது.

“அண்ணா, அன்னிக்கு அவங்க பொண்ணு உயுந்துச்சே, எந்திரிக்க எவ்ளோ நேரம் ஆச்சின்னு கேக்குறாங்கோ. அவங்க இல்லாதப்போ வந்தது அது ஒண்ணுதானாம். எவ்ளோ நேரம்னு தெரியாம அத்தயே நெனச்சிகினு கீறாங்களாம்.”

எனக்குத் தெரியவில்லை மேடம். பத்து நிமிஷம் போல இருந்தது, அரை நிமிஷமாகவும் இருக்கலாம். நான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை. தெரியவில்லை என்று கையை விரித்தேன். அவர்கள் முந்தானையை எடுத்துவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். எள்ளுருண்டை. இந்தப் பெட்டியில் வைக்கலாமா என்று பார்த்தேன், எலி மூளை போன பெட்டி, மனசு வரவில்லை. என் அலமாரியில் இருக்கிறது, எறும்பு வராமல் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவில்.

சாவிகளைக் கழற்றிவிட்டேன். பதினோரு சாவியையும் கன்னியம்மாளின் அண்ணன் கடையில் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இரும்பு ஒன்றும் செய்யாது என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். இடுப்பு லேசாக இருப்பதுதான் பழகவில்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன். நொடி முள் சிவப்பு, தூரத்திலிருந்தும் தெரியும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, ஐந்து நிமிஷம். கன்னியம்மாளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். உங்கள் அம்மா அடுத்த தடவை கேட்டால் நிமிஷமும் நொடியும் சொல்வேன். கேட்கவேண்டிய தேவை வராமலே இருக்கட்டும்.

எலி அறைக்குள் கட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் கடிகாரத்தைக் கன்னியம்மாளின் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். அது கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டது.

“ஒண்ணியும் கேக்கலண்ணா” என்றது.

திங்கட்கிழமை பார்க்கலாம்.

வேம்புலி